கூட வந்தவர்

அந்தப் பெண்கள் வார்டில் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டாம் எண் கட்டில் அவருடையது. அதன் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. நான்கு மூலைகளையும் மடித்து மெத்தைக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். உட்காரச் சொன்னால் என் தங்கையின் கட்டிலுக்குக் கீழே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். தன் கட்டிலில் மட்டும் உட்கார மாட்டார்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அவருக்கு. வயது நாற்பதை நெருங்கியிருக்கும். வார்டில் யாருக்கு விரிப்பு மாற்ற வேண்டுமென்றாலும் அவர்தான் போவார். நோயாளியை எழுப்பாமலே, ஒரு பக்கமாகப் புரட்டி, அழுக்கு விரிப்பை உருவிப் புதியதை நுழைத்துவிடுவார். முடித்துவிட்டு, "ரூம் ரெடி மேடம்" என்பார். காய்ச்சலில் முனகிக்கொண்டிருப்பவர்களும் அதற்குச் சிரிப்பார்கள். நர்ஸ் மருந்து கொடுக்க வந்தால், "செக்-அவுட் எத்தினி மணிக்கு சிஸ்டர்?" என்று கேட்பார். ஒருநாள் என் தங்கையின் துண்டை வாங்கி இப்படியும் அப்படியும் மடித்து, நீண்ட கழுத்துள்ள ஒரு அன்னம் செய்து அவள் கால்மாட்டில் வைத்தார். தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, காலை மெதுவாக அசைத்து அதைக் கவிழ்த்துவிட்டாள்.

"கெஸ்ட்டுக்குப் புடிக்கல போலக்கீது" என்று அவர் அதைப் பிரித்து மறுபடி துண்டாக்கி மடித்துவைத்தார்.

அது செங்கல்பட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தங்கை எதைக் குடித்தாள், எவ்வளவு குடித்தாள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கருங்குழியில் அம்மா வீட்டில் நடந்தது. வயிற்றைக் கழுவி, ஊசி போட்டு, உயிருக்கு ஆபத்தான கட்டம் தாண்டிய பிறகு பெண்கள் வார்டில் பதினோராம் கட்டிலுக்கு மாற்றினார்கள். அம்மா வந்து கட்டிலருகே நின்று "ஏண்டி, ஏண்டி" என்று அழுதாள். இரண்டாவது முறையும் அப்படி அழுததும் நர்ஸ் அவளை வெளியே அனுப்பிவிட்டு, கூட இருக்க வேறு யாராவது ஒருவர் போதும் என்றார். அந்த ஒருவர் நான். பத்து மாதக் குழந்தையை மறைமலைநகரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். கணவருக்கு கம்பெனியில் ஷிப்ட். குழந்தை புட்டிப்பாலைத் தொடவில்லை என்று மாமியார் போனில் சொல்லும்போது பின்னால் அழுகை கேட்கும். அவர் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். தகவலாகச் சொன்னதால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வந்த அன்று பன்னிரண்டாம் கட்டிலருகே அவரைப் பார்த்ததும், யாருக்கோ துணையாக வந்தவர் என்றுதான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ரத்தம் கொடுக்கும் இடம் எங்கே, ஸ்கேன் சீட்டு எங்கே போடுவது என்று புதிதாக வந்தவர்கள் அவரிடம் கேட்டார்கள். நானும் கேட்டேன், "உங்க பேஷண்ட் எங்கக்கா?"

"வெளிய போய்க்கீது, வரும்" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் தங்கைக்கு வாந்தி. அவர் வலதுகையால் அவள் நெற்றியைத் தாங்கி, எனக்குப் பாத்திரத்தை எப்படிப் பிடிப்பது என்று கண்ணால் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது நர்ஸ் ஊசித் தட்டோடு வந்து, "பன்னெண்டு, கையக் காட்டும்மா" என்றார். அவர் திரும்பாமலே இடதுகையை நீட்டினார்.

"படும்மா முதல்ல. நீ பேஷண்ட்."

"நின்னுகினே எடுங்க சிஸ்டர். மேலேருந்து நல்லா எறங்கி வரும்."

நர்ஸ் நின்றபடியே ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். இவரும் அதே காரணத்துக்காகத்தான் இங்கே இருக்கிறார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது. வீட்டில் இருந்த மாத்திரைகளை விழுங்கியிருக்கிறார் என்று பிறகு நர்ஸ் சொல்லித் தெரிந்தது. போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனபோது, மாத்திரை மாறிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

கேட்கலாமா, கேட்கக் கூடாதா என்று இரண்டு மனமாக இருந்தது. கேட்கவில்லை. அது மரியாதையா, பயமா என்று இப்போதும் தெரியவில்லை.

எங்கள் வரிசையில் தங்கையைப்போல வந்தவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு. கழிவறைக்குத் தனியே போகக் கூடாது, கதவைத் தாழிடக் கூடாது, கூட வந்தவர் வெளியே நிற்க வேண்டும். தங்கை கதவை முழுக்கச் சாத்துவாள். நான் பாதத்தை இடுக்கில் வைப்பேன். அவள் உள்ளிருந்து தள்ளுவாள். எனக்கு அவளை அவமானப்படுத்துகிறோமோ என்றும் இருக்கும், காலை எடுத்தால் என்ன ஆகுமோ என்றும் இருக்கும். உள்ளே சத்தமே வராது. ஒவ்வொரு முறையும் காதைக் கதவில் வைப்பேன். அதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"நீ நவுரு பாப்பாம்மா" என்று என்னை விலக்கிவிட்டுக் கதவருகே போனார். எனக்குக் குழந்தை இருப்பது தெரிந்ததிலிருந்து பாப்பாம்மா என்றுதான் கூப்பிட்டார். உள்ளே பார்த்துச் சொன்னார்: "தே பாரு கண்ணு. கதவ நல்லா சாத்திக்கோ, தாப்பாள் மட்டும் வேணாம். எதுனா பேசிகினே இரு. உன் சத்தம் கேக்கற வரைக்கும் நான் கதவத் தொட மாட்டேன். நின்னா தொறந்துடுவேன். டீலா?"

கதவு முழுக்கச் சாத்திக்கொண்டது. அவர் காத்திருந்தார்.

"பேச ஒண்ணியும் இல்லன்னா காலேஜிக்கு எந்த ரயில்ல போவியோ, அந்த ஸ்டேஷனெல்லாம் சொல்லு."

உள்ளிருந்து வந்தது. "பரனூர். சிங்கபெருமாள்கோயில். மறைமலைநகர். காட்டாங்குளத்தூர்." குரல் கரகரத்திருந்தது. வார்டுக்கு வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவை. பொத்தேரி, கூடுவாஞ்சேரி என்று போய்த் தாம்பரம் வரும்போது வெளியே வந்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன், அழுவதை அவள் பார்க்கக் கூடாதென்று.

அதன் பிறகு அந்தக் கதவு அவர் பொறுப்பாகிவிட்டது. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. ரவிக்கை நனைந்திருப்பதை யாரும் பார்க்காதபடி முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அவர் மூலையில் இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு விரிப்பைக் கட்டித் திரை போட்டார். "போய் பீய்ச்சிட்டு வா. வுட்டா ஜொரம் வந்துடும். இத நான் பாத்துக்கறேன்" என்று தங்கையின் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டார். திரைக்குப் பின்னால் நின்று டம்ளரில் பாலைப் பீய்ச்சி, கைகழுவும் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அப்போது வெளியே அவர் தங்கையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்டேன்.

"கெஸ்ட்டு கட்டில்ல நாங்க உக்காரக் கூடாது கண்ணு. கேமராவுல பாத்தான்னு வெச்சிக்கோ, அன்னிக்கே சீட்டக் கிழிச்சிடுவான். இவ்ளோ வருசத்துல எவ்ளோ மெத்த போட்டிருப்பேன். ஒண்ணுல கூட குந்துனது இல்ல. ஒருநாள் ஒரு வெள்ளக்காரம்மா, உக்காரு உக்காருன்னு கையப் புடிச்சி இழுத்துது. நான் குந்திகினு, அது நின்னுகினு. இன்னா பேஜாரு தெரியுமா? எழுந்து ஓடியாந்துட்டேன்."

தங்கையிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. சிரிப்பாகக்கூட இருக்கலாம்.

இரண்டாம் நாள் காலை பெரிய டாக்டர் வந்தார். பன்னிரண்டாம் கட்டிலின் முன் நின்று தாள்களைப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"ஜோரா கீறேன் சார். வாந்தி இல்ல, வலி இல்ல. பசிக்குது. இட்லி ரெண்டு துன்னேன். அனுப்புங்க, டூட்டிக்குப் போவணும்."

"நீங்க நல்லா இருக்கறதுதான்மா எனக்குப் பயம்" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற மாணவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். இந்த மாத்திரை உடனே ஒன்றும் செய்யாது, ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார், கல்லீரல் உள்ளே கெடுவது ரத்தத்தில்தான் தெரியும், வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும், அதனால் எவ்வளவு தெம்பாக இருந்தாலும் அனுப்பக் கூடாது. மாற்று மருந்து சொட்டிக்கொண்டிருந்த பாட்டிலை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பாட்டில் மாட்டிய கம்பத்தைக் கூடவே தள்ளிக்கொண்டு அவரும் நகர்ந்தார், அந்தக் கட்டிலில் இருந்த கிழவியைத் திருப்பிவிட.

மனநலப் பிரிவு டாக்டர் அன்று பதினோரு மணிவாக்கில் வந்தார். சின்ன வயதுப் பெண், தோளில் பை. தங்கையின் கட்டிலைச் சுற்றித் தட்டியை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. ராத்திரி தூங்கினாயா என்றார். பிறகு, "அந்த எண்ணம் இப்பவும் இருக்கா?" என்று நேராகக் கேட்டுவிட்டார். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறந்திருப்பவளுக்கு ஞாபகப்படுத்துகிறாரே என்று உள்ளே போய்த் தடுக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

"கொஞ்சம் இருக்கு" என்றாள் தங்கை.

அதைச் சொன்னபோது அவள் குரலிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. என்னிடமோ அம்மாவிடமோ அதை அவளால் சொல்லியிருக்க முடியாது. நாங்கள் அழுதிருப்போம்.

வெளியே வந்த டாக்டர் பன்னிரண்டாம் கட்டிலைப் பார்த்தார். விரிப்பு இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. காலை பாட்டில் முடிந்து, கையில் இருந்த ஊசிக்குழாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இந்த பேஷண்ட் எங்கே?"

"பாத்ரூம் போய்க்கீதும்மா" என்றார் அவர். கண்ணிமைக்கவில்லை. "நான் கூட வந்தவ."

"நீங்க என்ன வேணும் அவங்களுக்கு?"

"அக்காதான். அது நல்லாத்தாம்மா கீது. இன்னா, கொஞ்சம் அசதி. நீங்க இந்தப் பொண்ண நல்லாப் பாருங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக்கு வந்து பார்க்கிறேன், எங்கேயும் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரின் பின்னால் இரண்டடி நடந்து நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சரை ஏமாற்றிய பெண்ணைப்போல இருந்தது அந்தக் கணம். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரை என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள், பார்வையாளர் நேரத்தில் அவர் தம்பி வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அக்காவுக்குச் சாத்துக்குடி வாங்கிவந்திருந்தார். அக்கா அதை உரித்து என் தங்கைக்குக் கொடுத்தார்.

"நல்லாத்தான கீற. எழுந்து நடமாடினு கீற. அப்பறம் இன்னா பேஷண்ட்டு?" என்றார் தம்பி. "அம்மா யார் கையிலயும் துன்ன மாட்டேன்னுது. என் பொண்டாட்டி ஊட்டுனா துப்புது. ராத்திரியெல்லாம் உன் பேர் சொல்லிக் கத்துது. பசங்க ஸ்கூலுக்கே போவல. வூடு வூடாவே இல்லக்கா."

"எங்க பொறுப்புலன்னு எழுதிக் குடுத்துட்டு போலாமா?" என்று அவர் கேட்டார்.

"கேட்டேன். சைனு போட்டாலும் பெரிய டாக்டர் வந்துதான் பேசணும்னுட்டாங்க."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். தம்பியை முதலில் கீழே போய் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, தலைப்பைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார்.

"உன் பாஸக் குடு பாப்பாம்மா. கீழ டீ வாங்கினு வந்துடறேன்."

கூட இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் வாட்ச்மேன் மாடிப்படியில் விடுவார். நோயாளிகளுக்கு அது கிடையாது. வாட்ச்மேனுக்கு அவரைத் தெரியும், எல்லாருக்கும் உதவுகிற ஒரு துணையாள் என்று. அட்டை இருந்தால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்.

அவர் டீ வாங்கப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு இன்னும் வரவில்லை. டாக்டர் சொன்னதை நான் கேட்டிருந்தேன். ஆனால் இந்த மனுஷி கதவருகே நின்றிருக்காவிட்டால் என் தங்கை பேசியிருப்பாளா? அவர் கேட்கும் முதல் உதவி இது. நான் யார் தடுக்க? தடுத்து, ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால்? அங்கே ஒரு கிழவி பட்டினி கிடக்கிறாளே. கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிவிட்டேன். கழற்றியதைக் கொடுக்கவும் இல்லை, திரும்ப மாட்டிக்கொள்ளவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"குடு கண்ணு" என்றார். குரல் மெல்லியதாக இருந்தது.

"சிஸ்டர்."

கூப்பிட்டது என் தங்கை. எழுந்து உட்கார்ந்திருந்தாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். "சிஸ்டர், இவங்க கூட வந்தவங்க இல்ல. பேஷண்ட். வீட்டுக்குப் போறாங்க. போகக் கூடாது இவங்க."

அவர் தங்கையைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கிடந்தவளைத் தண்டவாளத்தில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அழைத்துக்கொண்டு வந்தவர் அவர். "உனக்கு நான் இன்னாடி பண்ணேன்?" என்றார்.

"தெரியலக்கா" என்று தங்கை அழ ஆரம்பித்தாள். "நீங்க போனா நானும் போய்டுவேன்."

நர்ஸ் வந்து பையைத் தோளிலிருந்து இறக்கினார். அவர் எதிர்க்கவில்லை. தானே போட்ட விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான், ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்ததில், கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சளை நான் பார்த்தேன். அல்லது நர்ஸ் குனிந்து பார்த்ததைப் பார்த்துவிட்டு எனக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம்.

அன்று பிற்பகல் மனநல டாக்டர் வந்து அந்தக் கட்டிலைச் சுற்றித் தட்டியை இழுத்தார். நான் வேண்டுமென்று ஒட்டுக்கேட்கவில்லை. இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம்தான்.

"சாகணும்னு நெனச்சீங்களாம்மா?"

கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. "தூங்கணும்னு நெனச்சேன். அம்மா வுழுந்ததுலேருந்து ராத்திரி தூக்கம் கெடயாது. பகல்ல டூட்டி. ஒருநாள் ரூம்ல மெத்தையப் பாத்துகினே நின்னேன். தலகாணி அவ்ளோ வெள்ளையா கீது. எழுந்துக்கவே கூடாதுன்னு நெனச்சேன். அது வேற, சாவறது வேறயா டாக்டரம்மா?"

"நீங்க சொல்லுங்க."

"வேறன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

ரத்த முடிவு வந்ததும் மேல்மாடி வார்டுக்கு மாற்றினார்கள். தள்ளுவண்டியில் ஏற மாட்டேன், நடந்தே வருகிறேன் என்றார். இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். படுத்ததும் கண்களை இறுக்கி மூடி, இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டார், ஆழமான தண்ணீரில் இறங்கியவர்போல. எங்கள் கட்டிலைக் கடந்தபோது கண்ணைத் திறக்கவில்லை. தங்கை கையை நீட்டியது காற்றில் நின்றது.

இப்போது தங்கை என் வீட்டிலிருந்து பொத்தேரியில் வேலைக்குப் போகிறாள். மாதம் ஒருமுறை அந்த டாக்டரைப் பார்த்துவருகிறாள். அவள் மாத்திரைகளை நான் பூட்டி வைத்து அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுப்பதில் அவளுக்குக் கோபம் வரும் நாட்களும் உண்டு. அவள் அறையில் சத்தம் நின்றால் நான் செய்கிற வேலையை விட்டுவிடுகிறேன். இதெல்லாம் சரியா, அவளைச் சிறையில் வைக்கிறேனா என்று தெரியாமலே செய்துகொண்டிருக்கிறேன்.

தங்கையை வீட்டுக்கு அனுப்பிய அன்று, கணவர் கீழே காத்திருக்க, நான் மட்டும் மேல்மாடிக்குப் போனேன். என்ன சொல்வது என்று முடிவு செய்யாமல்தான் போனேன். நர்ஸிடம் கேட்டேன். கல்லீரல் தேறிவருகிறது, இன்று எடுத்த ரத்தத்தில் பாதிப்பின் அளவு நன்றாகவே இறங்கியிருக்கிறது, மனநல டாக்டர் பார்த்துவிட்டால் சீக்கிரமே அனுப்பிவிடலாம் என்றார்.

உள்ளே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, விரிப்பெல்லாம் காலடியில் சுருண்டுகிடக்க. முகம் வீங்கியிருந்தது. நான் முதலில் நெஞ்சைத்தான் பார்த்தேன். ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறும் வரை நின்றேன்.

முக்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "எப்பப் பாரு தூங்கினே கீது" என்றார் தாழ்ந்த குரலில். புகார்போலவும் இருந்தது, ஆச்சரியம்போலவும் இருந்தது. "நீங்க படிச்சவங்க. டாக்டருங்க பேசறது புரியும். எப்ப அனுப்புவாங்க? அம்மா ரொம்ப படுத்துது. இது வூட்டுக்கு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

"இப்போதைக்கு அனுப்ப மாட்டாங்களாம்ணா" என்றேன். "எவ்வளவு நாள்னே சொல்ல முடியாதாம். வீட்டுக்குப் போனாலும் ராத்திரி எழுப்பவே கூடாதாம். அம்மாவுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கச் சொன்னாங்க."

அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், மனைவியிடம் அடங்கிய குரலில் பேசினார். "அது வராதாம். ஆமா, எப்பன்னு தெரியல. அம்மாவுக்கு நீயே ஊட்டு. துப்புனா துப்பட்டும், தொடச்சிட்டு ஊட்டு. இன்னா? ராத்திரிக்கா? ராத்திரிக்கு நான் பாத்துக்கறேன், வுடு."